சார்ஜர் பின் ஆடுகிறது

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் குகையிலும், நகரத்தை ஒட்டிய பனங்காடு, சிவதாபுரம் முதலிய ஊர்களிலும், வீட்டின் முன்னறையையே பட்டறையாக்கிக்கொண்டு வெள்ளிக் கொலுசு செய்கிறவர்களை ஒரு தடவை அருகிலிருந்து கவனித்தவர்களுக்கு, உலோகத்தோடு உலோகத்தை இணைப்பது எத்தனை சூக்ஷ்மமான காரியம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளியைவிடச் சற்றுக் குறைந்த உஷ்ணத்தில் இளகும் கலப்பு உலோகத்தைப் பொடியாக்கி, வெங்காரத்துடன் கண்ணியின் வாயில் இட்டு, தீயை ஊதி, பொடி உருகிப் பளிச்சென்று பாயும் அந்தக் கணத்திலேயே தீயை விலக்கிவிட வேண்டும். முந்தினால் பற்றாது, பிந்தினால் கண்ணியே குலைந்துவிடும். இணைக்கும் உலோகம் இணைக்கப்படும் உலோகத்துக்கு முன்னதாக உருக வேண்டும், இணையும் இடத்தில் களிம்பும் மாசும் இருத்தலாகாது, சூடு இரு பக்கமும் சமமாக ஏற வேண்டும் என்பவையே இந்த வித்தையின் ஆதார விதிகள்.

இதே விதிகளை நம்பி, இதே சமவெளியில், வேறொரு கைத்தொழில் சமீப காலத்தில் வேரூன்றியிருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும், ராசிபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் கடைவீதிகளிலும், மாடிப்படியின் அடியில் கிடைத்த பத்தடி இடத்தில் மேஜை விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு மடிக்கணினிகளைப் பழுதுபார்க்கிறார்களே, அவர்களுடைய தொழிலைத்தான் சொல்கிறேன். அவர்கள் கையாளும் உஷ்ணம் தட்டாரின் உஷ்ணத்தில் பாதிகூட இராது. இணைப்புகளோ கொலுசின் கண்ணியைவிடப் பன்மடங்கு சிறியவை. இன்றைய ஆலைகளில் மின்பலகைகளுக்கு உபயோகிக்கும் பற்றாசில் நூற்றுக்கு 96.5 பங்கு வெள்ளீயமும் அரைப் பங்கு செம்பும் போக, பாக்கி 3 பங்கு வெள்ளியே என்பதை அறிந்தால், செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் சிறிது திருப்தி அடையலாம்.

அந்தக் கடைகளுக்கு வரும் யந்திரங்களின் வியாதிகள் பலவகை. ஆயினும் எல்லாவற்றிலும் சாமான்யமானதும், சாமான்யமானது என்பதாலேயே அலட்சியப்படுத்தப்படுவதும், சார்ஜரின் முனை நுழைகிற அந்தச் சிறு துவாரத்தின் வியாதிதான். "சார்ஜர் பின் ஆடுது" என்று வாடிக்கையாளர் சொல்வார். "டிசி ஜாக் போயிருக்குது" என்று கடைக்காரர் சொல்வார். கையால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் சார்ஜ் ஏறும், விட்டால் நின்றுவிடும். சிலர் ரப்பர் பட்டையால் கட்டி வைப்பார்கள், சிலர் அடியில் தீப்பெட்டியைச் சொருகி வைப்பார்கள். இப்படி மாதக்கணக்கில் உபயோகித்துவிட்டு, ஒருநாள் அடியோடு இருட்டாகிப் போன பிறகே கடையைத் தேடிப் போவது நம்மவர் சுபாவம்.

இந்த வியாதி நம் பிரதேசத்தில் பெருகியதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் என்னும் அரசு நிறுவனத்தின் மூலம் கொள்முதல் செய்யப்பட்டு, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்கப்பட்ட யந்திரங்களின் தொகை, மாநிலம் முழுவதுமாக ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. அதுவரை கணினியைப் பள்ளியின் பூட்டிய அறையில் மட்டும் பார்த்திருந்த குடும்பங்களில், தறிக் குழியின் பக்கத்திலும் கோழிப் பண்ணைக் காவலறையிலும் லாரி புக்கிங் ஆபீசின் பெஞ்சிலும் ஒரு மடிக்கணினி வந்து உட்கார்ந்தது. பெற்ற மாணவர் படிப்பை முடித்துக்கொண்டு போனபின் தங்கைக்கும், தங்கைக்குப் பிறகு தகப்பனாரின் வரவு செலவுக் கணக்குக்கும் அது பயன்பட்டது. மேஜை நாற்காலி இல்லாத வீட்டில் அது பாயின்மீதோ கட்டிலின்மீதோதான் இருந்தாக வேண்டும். மின்கம்பி நடைபாதையின் குறுக்கே கிடந்தாக வேண்டும். நடக்கிறவர் காலில் அது சிக்கத்தான் வேண்டும்.

இதற்கு மேல் இன்னொரு சங்கடம் உண்டு. அதைப் பலர் யோசிப்பதில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் மடிக்கணினியின் பேட்டரி வலுவிழந்துவிடுகிறது. புதிய பேட்டரி வாங்க மனமில்லாமல் சார்ஜரைச் சொருகியபடியே உபயோகிக்கும் வழக்கம் ஏற்பட்டபின், அந்தத் துவாரம் எந்நேரமும் சுமை தாங்குவதாகிவிடுகிறது. பேட்டரி நல்ல நிலையில் இருந்த காலத்தில் தொடுப்பு ஒரு கணம் விட்டாலும் யந்திரம் பொருட்படுத்தாது. பேட்டரி செத்த பிறகு அதே ஒரு கணம் போதும், எழுதிக்கொண்டிருந்த விண்ணப்பம் மறைந்துபோக.

துவாரத்தில் என்னதான் உடைகிறது என்று பார்ப்போம். யந்திரத்துக்குள் இருக்கும் மதர்போர்டு வெறும் பச்சைத் தகடன்று. வியன்னாவில் பிறந்து லண்டனில் குடியேறிய பால் ஐஸ்லர் என்னும் பொறியாளர், 1930-களின் பிற்பகுதியில், கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் பாதைகளை அச்சிட்டு வானொலிக் கருவியை அமைக்கலாம் என்று செய்து காட்டிய யோசனையின் வளர்ச்சியே இது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த பலகைக்குள் ஆறு, எட்டு, சிலவற்றில் பத்து அடுக்காகச் செப்புப் பாதைகள் புதைந்திருக்கின்றன. டிசி ஜாக்கின் உலோகக் கால்கள் பலகையின் துளைகள் வழியே இறங்கி நிற்க, துளையின் உட்சுவரில் பூசிய மெல்லிய செப்புக் குழாயோடு பற்றாசு அவற்றைப் பிணைத்திருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சார்ஜர் முனையோ நெம்புகோல்போல வேலை செய்வதால், கம்பியில் விழும் சிறு இழுப்புகூட உள்ளே பெருகிப் போய் அந்தப் பற்றாசின்மீது விழுகிறது. பற்றாசு மெத்தென்ற உலோகம். பாரம் தாங்குவதற்காகப் படைக்கப்பட்டதன்று. காலைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட விரிசல் காண்கிறது. தொழிலில் இதற்கு "டிரை சால்டர்" என்று பெயர்.

விரிசல் விழுந்த இடத்தில் மின்சாரம் அடியோடு நின்றுவிட்டால் நஷ்டம் குறைவு. அது நிற்காமல் இடறி இடறி ஓடுவதால்தான் தொல்லை. 65 வாட் சார்ஜர் ஒன்று 19 வோல்ட் அழுத்தத்தில் 3.42 ஆம்பியர் வரை கொடுக்கக்கூடியது. விரிசலில் அரை ஓம் தடை மட்டுமே ஏற்பட்டாலும், முழுச் சுமையின்போது ஆறு வாட்டை ஒட்டிய வெப்பம் அந்த ஊசிமுனை இடத்தில் தோன்றும். ஜாக்கின் கறுப்புப் பிளாஸ்டிக் இளகும், பலகை பழுப்பேறும், கடைசியில் செப்பு வளையமே பலகையை விட்டுக் கிளம்பும். ஆடத் தொடங்கிய வாரத்தில் கொண்டுவந்தால் மறுபடி பற்றவைப்பதோடு முடிகிற வேலை, தீப்பெட்டியின் தயவில் ஆறு மாதம் ஓட்டிய பிறகு பெரிய சிகிச்சையாக மாறுவது இப்படித்தான்.

"ஏனுங்க, இது தேறுமுங்களா?" என்று பிள்ளையின் மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்த தாய் கேட்க, கடைக்காரர் விளக்கடியில் பலகையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தேறுமுங்க அக்கா, போர்டு நல்லாத்தான் இருக்குது, சாக்கெட்டுதான் போயிருக்குது" என்று சொல்வது அத்தகைய கடைகளின் அன்றாடப் பேச்சு. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் நல்ல தொழிலாளி பல சோதனைகளைச் செய்திருப்பார். முதற் சந்தேகம் சார்ஜரின்மீது. அதன் முனையில் 19 வோல்ட் வருகிறதா, கம்பியை வளைத்தால் நிற்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பார். பிறகு யந்திரத்தைத் திறந்து, பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, ஜாக்கின் கால்களுக்கும் பலகையின் செப்புப் பாதைக்கும் தொடர்ச்சி உண்டா என்று மீட்டரின் "பீப்" ஒலியால் அறிவார். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே அந்த ஒலி கேட்குமானால், குற்றவாளி ஜாக் மட்டுமன்று, உள்ளே வேறெங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே சூடுகோலை எடுப்பவரிடம் யந்திரத்தைக் கொடுக்காமல் இருப்பது உத்தமம்.

பழைய ஜாக்கைக் கழற்றுவதுதான் இந்தக் காரியத்தில் கடினமான அம்சம். புதியதைப் பொருத்துவது அதன் முன் எளிது. பலகையின் மைனஸ் பக்கம் விரிந்த செப்புத் தகடாக அடுக்கடுக்காய்ப் பரவியிருப்பதால், காலில் வைக்கும் சூட்டை அது உடனுக்குடன் உறிஞ்சிப் பலகை முழுவதும் பரப்பிவிடுகிறது. சூடுகோல் 350 டிகிரியில் இருந்தாலும் துளைக்குள் பற்றாசு இளகாது. தவிர, ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் மின்சாதனங்களில் காரீயம் தடை செய்யப்பட்ட பிறகு உலகெங்கும் ஆலைகள் கையாளும் ஈயமற்ற பற்றாசு 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். பழைய காரீயக் கலவைக்கு 183 டிகிரியே போதும். பொறுமையில்லாதவர் இந்தக் கட்டத்தில் குறட்டை எடுத்து இழுக்கிறார். கால் வருகிறது, அதனோடு துளையின் செப்புக் குழாயும் உரிந்து வருகிறது. அடுக்குகளுக்கு இடையே இருந்த சம்பந்தம் அறுபடுகிறது. உடைந்த ஜாக்கால் செத்த பலகைகளைவிட, அவசரமாகப் பிடுங்கியதால் செத்த பலகைகள் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

தேர்ந்தவரின் முறை வேறு. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் பாகங்களைச் சூடு தாங்கும் பழுப்பு மஞ்சள் டேப்பால் மூடி, பலகை முழுவதையும் அடியிலிருந்து நூறு டிகிரிக்குச் சற்று மேலாக மெல்ல வெதுப்பிக்கொள்கிறார். பின்பு கால்களில் பிளக்ஸ் தடவி, பழைய காரீயக் கம்பியை வைத்து உருக்கி, ஆலையின் பற்றாசோடு கலக்கச் செய்கிறார். கலவை முன்னதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கும். அதன்பின் சூடான காற்றை வட்டமாக வீசி, எல்லாக் கால்களும் ஒருசேர இளகிய தருணத்தில், ஜாக்கை இழுக்காமல் எடுத்துக்கொள்கிறார். அது தானாகவே வருகிறது. துளைகளில் எஞ்சிய ஈயத்தைச் செப்புப் பின்னலால் உறிஞ்சித் துடைத்து, புதிய ஜாக்கைப் பலகையோடு படிய உட்காரவைத்து, கால்கள் வழியே பற்றாசு மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை பற்றவைத்து, பிளக்ஸின் பிசுக்கை ஐபிஏ என்னும் சாராய திரவத்தால் கழுவிவிட்டு, உடனே சார்ஜரைச் சொருகிவிடாமல், மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டக்கூடிய பவர் சப்ளையில் இணைத்து ஆம்பியர் முள்ளைக் கவனிக்கிறார். வெள்ளிப் பட்டறையில் வெங்காரம் செய்யும் வேலையை இங்கே பிளக்ஸ் செய்கிறது. ஆனால் அதன் புகையை நாள் முழுவதும் சுவாசிப்பது மூச்சுக்குழலுக்கு ஆகாது; காரீயம் தொட்ட கையோடு டீயும் வடையும் சாப்பிடுவது அதைவிடக் கெடுதல். இவ்விரண்டையும் இளம் தொழிலாளிகள் பலர் பொருட்படுத்துவதில்லை என்பது வருந்தத்தக்கது.

செப்பு வளையம் ஏற்கெனவே உரிந்துபோயிருந்தால், பாதையின் பச்சைப் பூச்சைச் சிறிது சுரண்டி, செப்பு தெரிந்த இடத்திலிருந்து ஜாக்கின் காலுக்கு "ஜம்பர்" கம்பி இழுப்பார்கள். சமிக்ஞை மட்டும் போகும் பாதைக்கு மயிரிழைக் கம்பி போதும். மூன்று ஆம்பியருக்கு மேல் ஓடும் பாதைக்கு அது போதாது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் நிறைந்த இந்தச் சீமையில் வைண்டிங் கடைக்குக் குறைவில்லை ஆதலால், தக்க பருமனுள்ள எனாமல் கம்பிக்கு அலைய வேண்டியதில்லை. பாகங்களுக்குச் சென்னை ரிட்சி தெருவையும் கூரியரையும் நம்ப வேண்டும். உரிய மாடல் ஜாக் கிடைக்காதபோது, செத்துப்போன வேறொரு பலகையிலிருந்து எடுத்துப் பொருத்துவார்கள். ஒவ்வொரு கடையிலும் மூலையில் குவிந்து கிடக்கும் ஸ்கிராப் போர்டுகள் குப்பையாகத் தோன்றினாலும் உண்மையில் களஞ்சியமே.

ஜாக்கைத் தவிர மற்ற இணைப்புகளும் உண்டு. யுஎஸ்பி துவாரத்தின் உள்நாக்கு உடைவதும், ஹெட்போன் முனை முறிந்து உள்ளே தங்கிவிடுவதும் எல்லாரும் அறிந்தவை. அதிகம் அறியப்படாதது, கீபோர்டையும் டச்பேடையும் பலகையோடு சேர்க்கும் நாடா இணைப்பு. காகிதம்போன்ற நாடாவை ஒரு சிறு பிளாஸ்டிக் இமை அழுத்திப் பிடித்திருக்கும். நகத்தால் அதைத் தூக்கிவிட்டு நாடாவை எடுக்க வேண்டும் என்று தெரியாமல் இழுத்தால் இமை முறியும். திரைக்குப் போகும் இணைப்பிலோ, சமிக்ஞைக் கால்களுக்குச் சற்றுத் தள்ளிப் பின்விளக்கின் மின்சாரமும் போகிறது. கோணலாகச் சொருகினால் பியூஸ் போய்த் திரை இருண்டுவிடும். தூசு தட்டுவதற்காக வீட்டிலேயே யந்திரத்தைத் திறக்கிறவர்கள் இவ்விரு இணைப்புகளிடமும் பயபக்தியோடு நடந்துகொள்வது நல்லது.

இப்போது பழைய உருண்டைத் துவாரத்தின் காலம் முடிந்துகொண்டுவர, டைப்-சி வந்திருக்கிறது. கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் ஒரே சார்ஜர் என்பது பொது ஜனங்களுக்குப் பெரிய சௌகரியம். ஐரோப்பிய ஒன்றியம் மடிக்கணினிகளுக்கு அதனை 2026 ஏப்ரல் 28 முதல் கட்டாயமாக்குகிறது. ஆனால் பழுதுபார்ப்பவரின் கண்ணோடு பார்த்தால் சௌகரியம் அவ்வளவாக இல்லை. நாலைந்து தடித்த கால்களுக்குப் பதிலாக இதில் 24 தொடுப்புகள், வரிசைக்குப் பன்னிரண்டாக, அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. பல வகைகளில் ஒரு வரிசை உலோகக் கூட்டின் அடியில் மறைந்திருப்பதால் சூடுகோல் எட்டாது. காற்றுச் சூடும் நுண்ணோக்கியும் இன்றி ஒன்றும் நடவாது. 20 வோல்ட் செல்லும் தொடுப்புக்கு அடுத்தபடியாகவே, சார்ஜரும் யந்திரமும் எத்தனை வோல்ட் வேண்டும் என்று பேசிக்கொள்கிற மெல்லிய தொடுப்பு இருக்கிறது. வியர்வையோ டீயோ பட்டுக் களிம்பேறியோ, துவாரம் நசுங்கியோ இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், பின்னாலிருக்கும் சிப்பே போய்விடக்கூடும். பழையதில் ஜாக் போனால் ஜாக்கோடு போயிற்று. புதியதில் அப்படி உறுதி சொல்ல முடியவில்லை.

இந்த நிலையில் யந்திரங்களை வகுத்தமைப்பவர்களைக் கொஞ்சம் கோபித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எந்த இணைப்பும் தேய்வதற்கென்றே பிறந்தது. சாதாரண யுஎஸ்பி துவாரத்துக்கு 1,500 தடவையும், டைப்-சிக்கு 10,000 தடவையும் சொருகி எடுக்கும் ஆயுளை வகுத்தவர்களே நிர்ணயித்திருக்கிறார்கள். ஆயுள் இன்னதென்று தெரிந்தே செய்த ஒரு பாகத்தை, யந்திரத்தின் மிகுந்த விலையுள்ள பலகையோடு நேராகப் பற்றவைப்பது என்ன நியாயம்? ஜாக்கைக் குட்டையான கம்பியின் நுனியில் கட்டி, சட்டத்தில் திருகாணியால் பொருத்தி, மறுமுனையைப் பலகையில் சொருகும்படி அமைத்த மடிக்கணினிகளும் இருக்கின்றன; அவற்றில் சூடுகோலே வேண்டியதில்லை, திருப்புளி போதும். ஜப்பானிய வீடுகளில் கொதிநீர்ப் பாத்திரத்தின் கம்பியில் குழந்தை இடறினால் பாத்திரம் கவிழாதிருக்கக் காந்த முனை வைத்த யுக்தியை, ஆப்பிள் நிறுவனம் 2006-இல் தன் மடிக்கணினிக்குக் கொண்டுவந்தது. இழுத்தால் கம்பி தானே கழன்றுகொள்ளும். பத்தாண்டுக்குப் பின் அதைக் கைவிட்டு, 2021-இல் மறுபடியும் ஏற்றுக்கொண்டது. வழி தெரியாமல் இல்லை. செலவில் சில ரூபாய் மிச்சம் என்பதே காரணம். அந்த மிச்சத்துக்கான வட்டியை ராசிபுரத்து மாணவரின் தகப்பனார் கட்டுகிறார்.

பிரான்ஸ் தேசத்தில் 2021 முதல் மடிக்கணினி போன்ற சாதனங்களின்மீது, அவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டியே விற்க வேண்டும். நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாயிலைத் திறந்தது. உரிமை என்ற சொல் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாமக்கல் கடைக்காரருக்கு வேண்டியவை பலகையின் வரைபடமும், நியாயமான விலையில் அசல் பாகமும். வரைபடத்தை நிறுவனம் கொடுக்காதவரையில், அவர் மீட்டரின் ஒலியைக் கொண்டு பாதைகளை ஊகித்தறிந்தே தொழில் செய்ய வேண்டியிருக்கிறது. உயர்ந்த சம்பளத்தில் பொறியாளர்கள் கோட்டுப் படம் பார்த்துச் செய்கிற காரியத்தை, ஐடிஐ படிப்போடு நின்ற ஓர் இளைஞர் கண்ணைக் கட்டிவிட்டாற்போன்ற நிலையில் செய்து முடிக்கிறார் என்பதை நாம் அவ்வளவாக மெச்சுவதில்லை, "ஒரு சின்னப் பின்னுக்கு இவ்வளவா?" என்று கூலியில் பேரம் பேசுவதில் மட்டும் குறை வைப்பதில்லை. பின் சின்னதுதான். அதை எடுத்து வைக்கும் கைக்குத்தான் கூலி.

ஆகவே வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. பின் ஆடத் தொடங்கினால் அன்றோடு அந்த யந்திரத்தைச் சார்ஜில் போடுவதை நிறுத்திவிடுங்கள், முட்டுக்கொடுத்து ஓட்டாதீர்கள். கடைக்குப் போகும்போது சார்ஜரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். முக்கியமான கோப்புகளை முன்னதாக வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். "மதர்போர்டையே மாற்ற வேண்டும்" என்று எவராவது முதற் பார்வையிலேயே சொன்னால், இன்னொரு கடையில் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். வேலை முடிந்ததும், கழற்றிய பழைய ஜாக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; அதன் கால்களில் செப்புத் தோல் ஒட்டிக்கொண்டிராமல் வெறும் ஈயம் மட்டும் மின்னுமானால், உங்கள் யந்திரம் நல்ல கையில் போயிருந்தது என்று கொள்ளலாம்.